பாட்டி சுமக்காத கூடை: தோட்டப் பட்டணத்து மாலை வகுப்பில் செயற்கை நுண்ணறிவு – ஒரு நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்ட மாணவியும் அவள் குடும்பமும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். மற்றவை நடந்தபடியே இருக்கின்றன.

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு பட்டணம் எங்களுடையது. இரண்டு வரிசைக் கடைகள், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தேவாலயம். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் காடுதான். பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு, லயன் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பட்டணத்தை ஒட்டிய தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்தார்கள். பால்மரம் வெட்டிய, அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுத்த தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் இப்போது தாத்தா பாட்டிகள். அவர்களுடைய பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்ஸில் விடியலில் போய் இரவில் திரும்புகிறார்கள்.

தேவாலயக் கூடத்தில் வாரம் இரண்டு நாள், இரவு ஏழரை மணிக்கு, மாலை வகுப்பு நடத்துகிறோம். இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று முதல் ஐந்து வரை படிக்கும் பதினான்கு பிள்ளைகள். ஐந்து பேர் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். வகுப்பு ஒரு சிறு ஜெபத்தோடு தொடங்கும் என்பது பெற்றோருக்குத் தெரியும், யாரும் மறுத்ததில்லை. கணக்கை ஓர் இளைஞர் பார்த்துக்கொள்கிறார். தமிழ் என் பொறுப்பு. தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான்.

இந்தப் பிள்ளைகளின் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களைத் தமிழில் படித்தவர்கள், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய்க்கு மாறிவிடுகிறார்கள். தமிழ் ஒரு பாடமாக மட்டும் நிற்கிறது. சில பள்ளிகளில் அதுவும் பாட நேரத்துக்கு வெளியேதான். படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வில் தமிழை எடுக்க வேண்டும் என்று நாங்கள் கெஞ்சிக் கேட்டு, அதற்காகவே வகுப்புக்கு வருகிறவர்கள் இவர்கள். பேச்சு சரளமாக வரும். எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

கேட்டதை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. அது எங்கள் கூடத்துக்குள் எப்போது நுழைந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பிள்ளைகளின் கட்டுரைகளில் திடீரென்று எழுத்துப்பிழை குறைந்ததை நான் கவனித்தேன். சந்தோஷப்பட்டேன். காரணத்தைக் கேட்கவில்லை.

முதல் கட்டுரை

ஆண்டு நன்றியறிதல் ஆராதனையில் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர் கட்டுரை வாசிப்பது எங்கள் சபையில் வழக்கம். அந்த ஆண்டு ‘என் குடும்பத்தில் உழைத்தவர்’ என்று தலைப்புக் கொடுத்தேன். படிவம் நான்கு படிக்கும் ஒரு மாணவி, பால்மரம் வெட்டிய தன் பாட்டியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். அதுவரை அரைப் பக்கத்தைத் தாண்டாதவள். ‘வியர்வைத் துளிகள் முத்துகளாய் உதிர’, ‘காலத்தின் சுவடுகள் கன்னத்தில் கோலமிட’ என்றெல்லாம் எழுதியிருந்தாள். வகுப்பின் முன்னால் நிறுத்திப் பாராட்டினேன். ஆராதனையில் வாசிக்க அவளையே தேர்ந்தெடுத்தேன்.

அந்தக் கட்டுரையை இன்று எடுத்துப் படித்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பாட்டியின் கணவர் பெயரோ, தோட்டத்தின் பெயரோ அதில் இல்லை. இந்த நாட்டுத் தோட்டங்களில் புழங்கிய ஒரு சொல்கூட இல்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஆராதனை நாள்

பாட்டி இரண்டாவது வரிசையில், வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். பேத்தி வாசிக்கத் தொடங்கியதும் முகம் மலர்ந்தது. ‘உச்சி வெயிலில் ரப்பர் மரங்களை வெட்டி’ என்ற வரி வந்தபோது பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். ‘பனி மூடிய மலைச்சரிவில், முதுகில் கூடை சுமந்து’ என்று வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வாசித்து முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார்.

ஆராதனை முடிந்து கூடத்தில் தேநீர் குடிக்கும்போது, நான் பக்கத்தில் நிற்கும்போதே, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டி கேட்டார்: “நான் எப்போதம்மா மத்தியானத்தில் மரம் வெட்டினேன்? மத்தியானத்தில் வெட்டினால் பால் வருமா? கூடை எங்கே சுமந்தேன்? காண்டா வாளி தானே தூக்கினேன். இது யாருடைய பாட்டியைப் பற்றி எழுதியது?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். மாணவி அழுதுவிட்டாள்.

பால்மரத்தை விடியலுக்கு முன்பே வெட்டியாக வேண்டும். இரவெல்லாம் இலைகள் நீரை அதிகம் இழக்காமல் இருப்பதால் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் நிறைந்திருக்கும். பட்டையைச் சீவியதும் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து ஓட்டமும் குறையும். அதனால்தான் நான்கு மணிக்கு எழுந்து, வேலைக்கு முன் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்குடன் தங்களுக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போனார்கள். மங்கு எனும் கிண்ணங்களில் இறங்கிய பாலைப் பிறகு வாளிகளில் சேர்த்து, காண்டா எனும் தோள்கம்பில் தொங்கவிட்டு ஸ்டோருக்குத் தூக்கிப் போனார்கள். முதுகுக் கூடையும் பனி மலையும் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தின் காட்சி. இரண்டு நாட்டுத் தோட்டத் தமிழர்களின் வாழ்க்கையை எந்திரம் ஒன்றாகக் குழைத்துவிட்டிருந்தது.

விசாரித்ததில் தெரிந்தது

மறுநாள் மாலை வகுப்புக்கு முன்பாக மாணவியைத் தனியாகச் சந்தித்தேன். ‘உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்று மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன ஒழுங்கு பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன். அதுவும், பாராட்டை எல்லார் முன்னிலையிலும் சொன்ன நான், கண்டிப்பையும் அப்படியே சொல்லியிருந்தால் அவள் திரும்பி வந்திருக்கமாட்டாள்.

அவள் எதையும் மறைக்கவில்லை. ‘ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த என் பாட்டியைப் பற்றி அழகான தமிழில் ஒரு கட்டுரை’ என்று கைப்பேசியில் கேட்டிருக்கிறாள். வந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறாள். ஏன் பாட்டியிடமே கேட்கவில்லை என்றேன். அவள் சொன்ன பதில் என்னை உலுக்கிவிட்டது: “பாட்டி சொல்வதை எழுதினால் அது கட்டுரை மாதிரி இருக்காது டீச்சர். எங்கள் வீட்டுத் தமிழ் நல்ல தமிழ் இல்லை.”

சோம்பலால் செய்ததல்ல இது. தன் வீட்டுச் சொல் எழுதத் தகுதியற்றது என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. ‘காண்டா வாளி’ என்று யாராவது எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

எந்திரம் ஏன் அப்படி எழுதியது என்பதும் விளங்கியது. அது எதையும் பார்த்ததில்லை. கோடிக்கணக்கான பக்கங்களில் எந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வருகிறது என்ற பழக்கத்தைக் கற்று, அதன்படி அடுத்தடுத்த சொல்லைக் கணித்து எழுதுகிறது. இணையத்தில் தமிழ் குறைவு. அதில் மலேசியத் தோட்டத்து வாழ்க்கை இன்னும் குறைவு. தெரியாத இடத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்று நிற்காமல், அருகில் கிடைத்ததை வைத்து நிரப்பிவிட்டது.

இதே வாரத்தில் இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. ஞாயிறுபள்ளிப் பாடத்தாள் ஒன்றை நானே இப்படி ஒரு செயலியைக் கொண்டு தயாரித்திருந்தேன். ‘தனக்குத்தானே உதவிக்கொள்கிறவனுக்குக் கடவுள் உதவுகிறார்’ என்பதை நீதிமொழிகளில் உள்ள வசனம் என்று அது கொடுத்தது. அதிகார எண்ணும் வசன எண்ணும் போட்டிருந்தது. அது பழைய பழமொழி. வேதாகமத்தில் எங்கும் இல்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் தன் வேதாகமத்தைத் திறந்து தேடிவிட்டு, “இங்கே வேறு வசனம் இருக்கிறது” என்று கொண்டுவந்து காட்டினான். மாணவியைக் கண்டிக்கும் தகுதியை அன்று நான் இழந்தேன். அவளோடு சேர்ந்து திருந்தும் வாய்ப்புக் கிடைத்தது.

மூவர் பேசியது

போதகர், கணக்கு ஆசிரியர், நான் மூவரும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தோம்.

கைப்பேசியைக் கூடத்துக்குள் அடியோடு தடுத்துவிடலாம் என்றேன் நான். கணக்கு ஆசிரியர் ஒப்பவில்லை. “இரவு பத்து மணிக்கு ஒரு பிள்ளைக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் வீட்டில் யாரிடம் கேட்கும்? பட்டணத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் ஆசிரியர் இருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு இதுதான் இருக்கிறது” என்றார். இயேசு சொன்ன உவமையில், தன்னிடம் ஒப்படைத்த தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்தவனையும் எஜமான் கண்டித்தார் என்பதைப் போதகர் நினைவூட்டினார். பயந்து புதைப்பது உண்மையுள்ள உக்கிராணத்துவம், அதாவது ஒப்படைத்ததைப் பொறுப்போடு பேணுவது ஆகாது என்பது அவருடைய கருத்து.

அப்படியானால் எல்லை எங்கே? வத்திக்கான் 2025 ஜனவரியில் வெளியிட்ட ‘ஆன்டிக்குவா எட் நோவா’ என்ற ஆவணத்தைப் போதகர் படித்திருந்தார். எங்கள் சபை கத்தோலிக்கச் சபை அல்ல. ஆனாலும் அதிலுள்ள ஒரு கருத்து எங்களுக்குக் கைகொடுத்தது. செயற்கை நுண்ணறிவை மனித அறிவின் இன்னொரு வடிவமாகப் பார்க்கக்கூடாது, மனித அறிவு உண்டாக்கிய ஒரு பொருளாகவே பார்க்க வேண்டும் என்கிறது அது. மண்வெட்டி மனிதனுக்கு உதவும். மனிதனுக்குப் பதிலாக நின்று சாட்சி சொல்லாது.

சாட்சி என்ற சொல்லில்தான் பேச்சு நின்றது. ‘பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக’ என்ற கட்டளையை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதாக நாங்கள் கற்பித்துவந்தோம். ஒரு பாட்டியின் நாற்பது ஆண்டு உழைப்பைப் பற்றி நடக்காததைச் சபை நடுவே வாசித்ததும் அவருக்கு விரோதமான சாட்சிதான். ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்ற கட்டளையும் சேர்ந்தே மீறப்பட்டது. அவரைப் புகழ்ந்தோம், ஆனால் அவர் சொல்வதைக் கேட்கவில்லை.

லூக்காவையும் போதகர் எடுத்தார். இயேசுவின் நாட்களில் நடந்தவற்றை லூக்கா நேரில் கண்டவர் அல்ல. கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததை ஆதிமுதல் திட்டமாய் விசாரித்து எழுதுவதாகத் தன் சுவிசேஷத்தின் முதல் வசனங்களிலேயே சொல்கிறார். காணாத ஒன்றைப் பற்றி எழுதுகிறவனுக்கு அதுவே வழி. பேத்தியும் தோட்டத்தைக் காணாதவள்தான். ஆனால் கண்டவர் அடுத்த அறையில் உறங்குகிறார்.

எடுத்த முடிவுகள்

மாணவிக்குத் தண்டனை இல்லை. வகுப்பின் முன் அறிவிப்பும் இல்லை. மன்னிப்பு பாட்டியிடம் கேட்கப்பட வேண்டும், நானும் உடன் போக வேண்டும். கட்டுரை மறுபடி எழுதப்பட வேண்டும்.

முதல் எழுத்து எப்போதும் கையால், நோட்டில். தெரியாததை முதலில் மனிதரிடம் கேட்க வேண்டும். அதன் பிறகே எந்திரம். அதுவும் எழுதித்தரச் சொல்லக்கூடாது. ‘நான் எழுதியதைப் படித்து, வாசகனுக்கு எது விளங்காது என்று கேள்வி மட்டும் கேள்’ என்று சொல்ல வேண்டும். அது சொல்லும் எந்தத் தகவலையும் ஒரு மனிதரிடமோ புத்தகத்திலோ உறுதிப்படுத்தாமல் எடுக்கக்கூடாது. அப்போஸ்தலர் பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் வேதவாக்கியங்களில் தினந்தோறும் ஆராய்ந்து பார்த்தார்கள் என்றால், எந்திரம் சொன்னதை ஆராயாமல் விட நமக்கு என்ன அவசரம்? வகுப்பில் இதைப் ‘பெரோயா பார்த்தல்’ என்றே சொல்கிறோம்.

பெயர், அடையாள அட்டை எண், வீட்டு விவரம் எதையும் அதில் இடக்கூடாது. பதிமூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எங்கள் கூடத்தில் இது வேண்டாம். 2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டியும் வகுப்பறைப் பயன்பாட்டுக்கு அந்த வயதைத்தான் குறைந்தபட்ச எல்லையாகப் பரிந்துரைத்தது. இந்த விதிகள் ஆசிரியர்களுக்கும் பொருந்தும். கடைசி விதியைச் சேர்க்கச் சொன்னவள் நான்.

நோட்டும் கைப்பேசியும்

பாட்டி எங்களை மன்னிப்புக் கேட்க விடவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, பேத்தியிடம், “எழுதிக்கொள்” என்றார். மூன்று மாலை நேரம் பேசினார். கைப்பேசி ஒலிப்பதிவுக்கு மட்டும் பயன்பட்டது. மழை பெய்தால் மரம் ஈரமாகிவிடும், வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அதனால் இரவில் கூரையில் மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடும் என்றார். கைப்பிள்ளையை இருட்டிலேயே ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனதைச் சொன்னார். மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரித்து உரித்து விரல் நகங்கள் கறுத்துப்போனதைச் சொல்லி, கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. உளி வழுக்கியது என்றார். பேத்தி அதைத் தொட்டுப் பார்த்தாள். பதினாறு ஆண்டுகள் ஒரே வீட்டில் வளர்ந்தவள், அந்தத் தழும்பை அன்றுதான் பார்த்தாள்.

நோட்டில் எழுதியதைப் பிறகு கூடத்தில், என் முன்னால், செயலியில் இட்டாள். அது கேட்ட கேள்விகள் நன்றாகவே இருந்தன: மங்கு என்றால் என்ன, ஏன் விடியலில் வெட்ட வேண்டும், நிரை என்பது எத்தனை மரம்? விடியல் கேள்விக்கு அறிவியல் ஆசிரியர் விளக்கம் கொடுத்தார். மற்றவற்றைப் பாட்டியிடம் எடுத்துப்போனாள். இந்தப் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தக் கேள்விகள் எனக்குத் தோன்றியிருக்காது. எனக்கு அந்தச் சொற்கள் எல்லாம் தெரிந்தவை.

எழுத்துப்பிழை திருத்தச் சொன்னபோது வேறு நடந்தது. ‘பெரட்டு’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘புரட்டு’ என்று மாற்றிவிட்டது. ‘பாட்டி தினமும் அதிகாலையில் புரட்டுக்குப் போனார்.’ உழைக்கப் போன பெண்ணை ஏமாற்றுவேலைக்கு அனுப்பிய வரி அது. மாணவியே அதைக் கண்டுபிடித்தாள். விரலால் அந்தச் சொல்லைக் காட்டி, “டீச்சர், இது எங்கள் பாட்டியின் சொல். இதைத் திருத்த வேண்டாம்” என்றாள். வீட்டுத் தமிழ் நல்ல தமிழ் இல்லை என்று சொன்ன அதே பிள்ளை.

பின்விளைவுகள்

இரண்டாவது கட்டுரை ஒன்றேகால் பக்கம். நடை சில இடங்களில் தட்டுகிறது, சந்திப்பிழைகள் உண்டு. பள்ளியில் ஒரு பயிற்சிக்காக அதையே கொடுத்தபோது, அவள் எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்கவில்லை. அவள் வருந்தினாள். நானும் வருந்தினேன். இதை மறைத்து எழுதினால் இந்த ஆய்வும் பொய்ச்சாட்சியாகிவிடும்.

சபையில் மறுபடி வாசிக்கலாமா என்று கேட்டோம். பாட்டி வேண்டாம் என்றார். நோட்டை மட்டும் வாங்கித் தன் வேதாகமத்தோடு வைத்துக்கொண்டார்.

புதிய விதிகள் வந்த மாதத்தில் இரண்டு பையன்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்தினார்கள். ஒருவன் திரும்பி வந்தான். ஒரு தகப்பனார் நேரில் வந்து, “எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். நம் பிள்ளைகள் மட்டும் ஏன் கையால் எழுதிப் பின்தங்க வேண்டும்?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அவருடைய மகன் எழுதிய இரண்டு கட்டுரைகளை, எது எப்போது எழுதியது என்று சொல்லாமல், அவர் கையில் கொடுத்தேன். இரண்டாவதைப் படித்துவிட்டு, “இது இவன் பேசுகிற மாதிரியே இருக்கிறது” என்றார். சமாதானமானாரா என்று தெரியாது. மகனை நிறுத்தவில்லை.

கணக்கிலும் அறிவியலிலும் பயன்பாடு கூடியிருக்கிறது. அங்கே அது நல்ல உதவி. மலாயில் உள்ள அறிவியல் குறிப்பைத் தமிழில் விளக்கச் சொல்லிப் புரிந்துகொள்கிறார்கள். விடையைக் கேட்பதில்லை, தங்கள் வழியில் எந்தப் படியில் தவறு என்று கேட்கிறார்கள். எல்லாரும் எப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன்.

இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் ஐவரும் இந்த விதிகளை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்திதான் தன் தாத்தாவிடம் கோயில் திருவிழாக் காவடியைப் பற்றிக் கேட்டு, வகுப்பிலேயே மிக நீளமான கட்டுரையை எழுதினாள்.

மறுபடி செய்வதானால்

பாராட்டுவதற்கு முன் கேட்டிருப்பேன்: ‘இதை யார் உனக்குச் சொன்னார்கள்?’ இந்த ஒரு கேள்வி ஆராதனை நாளின் கண்ணீரைத் தவிர்த்திருக்கும்.

விதிகளைப் பிள்ளைகளுக்கு முன் ஆசிரியர்களுக்கு வகுத்திருப்பேன். இப்போது ஞாயிறுபள்ளித் தாள்களில் வசனத்தின் இடத்தைக் காலியாக விடுகிறோம். பிள்ளைகள் வேதாகமத்தைத் திறந்து நிரப்புகிறார்கள். தவறைக் கண்டுபிடித்த அந்தப் பையன்தான் பெரும்பாலும் முதலில் முடிக்கிறான்.

தோட்டத்துச் சொற்களுக்கு வட்டம் போடுவதை நிறுத்திவிட்டேன். அவற்றை ஒரு தனி நோட்டில் பொருளோடு எழுதிவைக்கிறோம். பெரட்டு, மங்கு, நிரை, தண்டல், கிராணி, ஆயாக் கொட்டகை என்று இதுவரை நாற்பத்தொரு சொற்கள் சேர்ந்திருக்கின்றன. இதை முன்பே தொடங்கியிருக்க வேண்டும். நாங்கள் பேச நினைத்திருந்த ஒரு தாத்தா சென்ற மாதம் காலமாகிவிட்டார்.

மாணவியின் கேள்விப் பட்டியலில் இன்னும் ஆறு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. பாட்டிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை அடுத்த வாரம். அது முடிந்ததும் பேத்தி எழுதியதைத் தானே படித்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மீதியைச் சொல்வேன் என்று சொல்லியிருக்கிறார்.